காணொளித் தாமதமும் காரணங் காணும் முறையும்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாணவர் பலர்க்கு இணையக் காணொளியே வகுப்பறையாயிற்று. அக்காணொளி தொடங்கத் தாமதிக்குமிடத்து இணைப்பையே பழித்தல் பொதுவியல்பு. ஆயின், உலாவியிற் சேர்த்த விளம்பரத் தடுப்பு நீட்சியும் காரணமாதல் உண்டு. தடுக்கப்பட்ட விளம்பரத்தை எதிர்நோக்கிச் சில தளங்களின் காணொளி வாளா நிற்கும். பணம் மிகக்கொடுத்து விரைவான இணைப்புப் பெறினும் அத்தாமதம் தீராது.

உண்மை காணும் வழி எளிது. குரோம் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், தனியே அனுமதித்தாலன்றி நீட்சிகள் இயங்கா. அங்கும் தாமதம் நீடிப்பின் குற்றம் பிறிதிடத்தது. நீங்கின், நீட்சிகளுட் பாதியை நிறுத்திச் சோதித்து, ஐயத்துக்குரிய பாதியை மீண்டும் பகுத்தல் வேண்டும். எட்டனுள் ஒன்றே குற்றமுடையதாயின் மூன்று சோதனைகளில் அகப்படும். அனைத்தையும் ஒருங்கே அழிப்பவர் தாமதத்தை நீக்கலாம்; அதன் காரணத்தை அறியார்.