பணத்தில் பத்திரம்... காட்டில்? கெட்சால் பறவைக்கு என்ன பிரச்சினை?

கவுதமாலாவில் காபி குடிச்சா 'கெட்சால்' கொடுக்கணும். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் அது; ஒரு பறவையிடமிருந்து வந்த பெயர். பச்சை மேனி, ரத்தச் சிவப்பு வயிறு, ஆணுக்கு மட்டும் உடம்பைவிட நீளமாகத் தொங்கும் வால் இறகுகள். போட்டோவில் செம அழகு!

பிரச்சினை சாப்பாட்டில்தான். தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரை, மேகம் மூடிய மலைக்காடுகளில் வாழும் கெட்சாலுக்கு முக்கிய உணவு காட்டு அவகாடோ. நாம ஸ்மூத்தி போடுற அவகாடோவுக்குச் சொந்தம், ஆனா ரொம்பச் சின்னது. பழத்தை முழுசா விழுங்கி, சதை கரைந்ததும் கொட்டையைக் கக்கிவிடும். காட்டுக்கு அது இலவச விதைப்பு.

ஆனா இந்தப் பழம் வருஷம் முழுக்க ஒரே உயரத்தில் கிடைக்காது. குஞ்சுகள் பறந்ததும் கெட்சால் பழம் தேடி மலைச்சரிவில் இறங்கும். கோஸ்டா ரிகாவின் மொன்டேவெர்டேயில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது இது தெளிவானது. அங்கே மலை உச்சிக் காடு பத்திரமாக இருந்தது. கீழ்ச்சரிவிலோ பல இடங்களில் காடு போய் மாட்டு மேய்ச்சல் நிலம். வீட்டைப் பூட்டிக் காத்துவிட்டு, மளிகைக் கடையை இடித்த கதை!

அதே நாட்டின் சான் ஹெரார்தோ டே டோட்டாவில் நிலைமை கொஞ்சம் வேற. கெட்சாலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை, காட்டு அவகாடோ மரத்தை வெட்டாமல் விட்டிருக்கும் பண்ணைகளுக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க.