ஜெயிலுக்குப் போன நிருபர்

அநீதியைக் கண்டித்து எழுதுவது எளிது. அநீதி நடக்குமிடத்திற்கே சென்று, அதைத் தன் உடலில் ஏற்று, பிறகு எழுதுவது எல்லோராலும் ஆகும் காரியமன்று. அவ்விதம் செய்தவர்களில் ஒருவரான தென்னாப்பிரிக்க நிருபர் ஹென்றி நுக்சுமாலோவின் வாழ்க்கையை 'டிரம்' என்னும் பேசும் படம் சித்திரிக்கிறது. ஸோலா மசேக்கோ இயக்கிய இப்படம் 2004ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு வந்தது. 2005ஆம் ஆண்டில் வாகடூகு நகரில் நடைபெற்ற ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் முதற் பரிசையும் பெற்றது. பரிசு பெற்றது என்பதற்காக நாம் இப்படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைத் தொழிலின் தர்மம் யாது என்ற கேள்வியை இப்படம் எழுப்புகிறது. அதற்கு அது கூறும் விடையில் பெரும்பகுதி சரி. ஒரு பகுதி சரியன்று. இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நேயர்களுக்குப் பயன்படும்.

1948ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி பெற்ற தேசியக் கட்சி, நிறப் பிரிவினையையே ராஜ்ய தர்மமாக ஏற்றுக்கொண்டது. பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் எந்த நிறத்தைச் சேர்ந்தது என்று பதிவு செய்ய ஒரு சட்டமும், எந்த நிறத்தார் எந்த வட்டாரத்தில் வசிக்கலாம் என்று எல்லை வகுக்க மற்றொரு சட்டமும் 1950இல் வந்தன. 1952இல் வந்த சட்டமோ விசித்திரமானது. 'பாஸ்களை ஒழிக்கும் சட்டம்' என்று அதற்குப் பெயர். ஆனால் ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் எந்நேரமும் ஓர் அனுமதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் சுமந்து திரிய வேண்டும் என்பதே அதன் சாரம். சொல்லை ஒருவிதமாகவும் பொருளை வேறுவிதமாகவும் வைத்துச் சட்டம் இயற்றும் வித்தையை அந்தச் சர்க்கார் நன்றாகக் கற்றிருந்தது. இத்தகைய ஆட்சியில் கண்ணால் கண்டதைக் கண்டபடியே எழுதுவதும் ஒரு கலகமாகிவிடுகிறது.

'டிரம்' என்ற மாதப் பத்திரிகை 1951இல் தோன்றிற்று. டிரம் என்றால் முரசு. பெரும் சுரங்க முதலாளியின் புதல்வரான ஜிம் பெய்லி அதற்குப் பணம் போட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த ஆந்தனி ஸாம்ப்ஸன் என்ற இளைஞர் ஆசிரியரானார். முதல் இதழ்களில் குலக் கதைகளும் கிராமியக் கலைகளும் நிரம்பியிருந்தன. நகரத்து ஆப்பிரிக்கர் அவற்றை விரும்பவில்லை. தாங்கள் இன்னமும் காட்டில் வசிப்பதாகவே வெள்ளையர் எண்ண வேண்டும் என்பதற்கா இந்தப் பத்திரிகை என்று அவர்கள் மனம் கசந்தார்கள். பத்திரிகை தன் போக்கை மாற்றிக்கொண்டது. குத்துச்சண்டை, ஜாஸ் சங்கீதம், அழகிகளின் படங்கள், ரவுடிகளின் கதைகள் ஆகியவற்றிற்கு இடம் கொடுத்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை; படமும் மறைக்கவில்லை. தூய தேச சேவைக்கென்று மட்டும் நடத்தப்பட்ட பத்திரிகையன்று அது. ஆயினும் அந்தக் கேளிக்கைப் பக்கங்களுக்கு நடுவே, வேறெந்தப் பத்திரிகையும் துணிந்து வெளியிடாத விஷயங்கள் வெளிவந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் நுக்சுமாலோ.

அவர் 1917இல் நேட்டாலில் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவில் சேவை புரிந்தவர். 'டிரம்' பத்திரிகையில் விளையாட்டுச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த அவர், 1952ஆம் ஆண்டில் பெத்தால் என்ற ஜில்லாவின் உருளைக்கிழங்குப் பண்ணைகளைப் பற்றி எழுதப் புறப்பட்டார். அங்குக் கூலியாட்கள் நடத்தப்பட்ட கொடுமை புதிய செய்தியன்று. கெர்ட் ஸிபாண்டே என்ற உள்ளூர்த் தொண்டரும், மைக்கேல் ஸ்காட் என்ற பாதிரியாரும், ரூத் பர்ஸ்ட் என்ற பெண் நிருபரும் 1947இலேயே அதை வெளிப்படுத்தியிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியதா என்பதே நுக்சுமாலோ அறிய விரும்பியது. ஆகவே அவர் ஆள் சேர்க்கும் இடத்திற்குக் கூலியாகவே போனார். ஒப்பந்தம் நிறைவேறும் முறை அங்கே தெரியவந்தது. வரிசையாக நின்ற ஆட்கள் நீட்டப்பட்ட பென்சிலை ஒரு கணம் தொட்டுவிட்டு நகர வேண்டும். அந்தத் தொடுகையே சம்மதம்! சட்டப்படி ஒவ்வொருவருக்கும் விளங்கும்படி ஒப்பந்தத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஜெர்மனியில் பிறந்த ஷாடெபெர்க் என்ற வெள்ளை இளைஞர் பண்ணைகளைப் படமெடுத்தார். கட்டுரையும் படங்களும் 1952 மார்ச் மாத இதழில் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து நேட்டாலுக்கும் பிற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்தப் பென்சில் எத்தகைய பென்சில் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜெயில். ஜோஹானஸ்பர்க் மத்திய சிறைச்சாலையில் ஆப்பிரிக்கக் கைதிகள் மிருகங்களைப் போல நடத்தப்படுகிறார்கள் என்று விடுதலையானவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் விடுதலையான கைதியின் சொல்லை எந்த நீதிமன்றம் நம்பும்? 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நுக்சுமாலோ இரவில் பாஸ் இல்லாமல் வெளியே திரிந்து வேண்டுமென்றே கைதானார். ஐந்து நாள் தண்டனையும் பெற்றார். உள்ளே தாம் பட்ட அடியையும் உதையையும், உணவையும், படுக்கையையும் ஒரு கணக்கப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதினார். 'தவுஸா' என்ற சோதனை அதில் மிகக் கொடியது. கைதி நிர்வாணமாகக் குதித்து, கைதட்டி, வாயைத் திறந்து, குனிந்து, தன் உடலில் எதையும் ஒளித்துவைக்கவில்லையென்று மற்றவர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும். பாப் கோஸானி என்ற இளம் புகைப்படக்காரர் பக்கத்திலிருந்த உயர்ந்த கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று, நெடுந்தூரம் பார்க்கும் லென்ஸினால் அந்தக் காட்சியைப் பிடித்துவிட்டார். 1954 மார்ச் இதழில் கட்டுரையும் படமும் சேர்ந்து வந்தபோது, பொய்யென்று மறுப்பதற்கு அதிகாரிகளுக்கு வழியில்லாமற் போயிற்று.

இங்கு ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அக்கட்டுரையில் வசைமொழியில்லை, உபதேசமும் இல்லை. நாள், இடம், நடந்தது ஆகிய இவையே இருந்தன. கோபத்தை நிருபர் தமக்குள் அடக்கிக்கொண்டு, கோபப்படும் உரிமையை வாசகருக்கு விட்டுவிட்டார். மேடையிலும் பத்திரிகையிலும் பேசும் நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். கோபம் முழுவதையும் நாமே செலவழித்துவிட்டு, சான்றை மட்டும் வாசகர் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். கண்டனத்தைச் சர்க்கார் அலட்சியம் செய்யலாம். சான்றை அவ்விதம் தள்ளிவிட இயலாது.

சர்க்கார் இதை நன்றாக அறிந்திருந்தது. 1959இல் அது கொண்டுவந்த சிறைச் சட்டம், ஜெயிலையோ கைதியையோ அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுத்தது. ஜெயில்களைப் பற்றித் தவறான செய்தி வெளியிடுவதைக் குற்றமாக்கி, உண்மையை அறியத் தக்க முயற்சி செய்ததாக நிரூபிக்கும் சுமையைப் பத்திரிகையின் தலைமேல் ஏற்றியது. அதன் பலனை 'ராண்ட் டெய்லி மெயில்' அனுபவித்தது. 1965இல் சிறைக் கொடுமைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்ட அப்பத்திரிகையின் ஆசிரியர் லாரன்ஸ் காண்டாரும், நிருபர் பெஞ்சமின் போக்ரண்டும் நெடுங்கால வழக்கிற்குப் பின் 1969இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். ஒரு லென்ஸுக்கும் ஒரு பேனாவுக்கும் அஞ்சியே இத்தனை ஏற்பாடுகள்!

இனிப் படத்தில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிக்கு வருவோம். ஜோஹானஸ்பர்க்கின் சோபியாடவுன் என்ற பகுதியில் ஆப்பிரிக்கர் சொந்த நிலம் வைத்திருக்க முடிந்தது. பல நிறத்தாரும் அங்குக் கலந்து பழகினர். 1955 பிப்ரவரி 9ஆம் நாள் 2,000 போலீஸார் சூழ்ந்து நிற்க, குடும்பங்களை லாரிகளில் ஏற்றி மெடோலண்ட்ஸ் என்ற இடத்திற்குக் கொண்டுசென்றார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய நிலத்தில் வெள்ளையர் குடியிருப்பு எழுந்தது. அதற்கு 'வெற்றி' என்று பொருள்படும் டிரையோம்ப் என்ற பெயரையும் சூட்டினார்கள். பழைய பெயர் 2006இல்தான் திரும்பி வந்தது. நுக்சுமாலோவின் மரணத்தை இந்த அழிவோடு பின்னியே படம் காட்டுகிறது. பார்ப்பவர் மனம் கலங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிகழ்ந்தது வேறு. சட்டவிரோதக் கருக்கலைப்பு பற்றி அவர் விசாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. 1956 டிசம்பர் 31ஆம் நாள் இரவு வெளியே சென்றவர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். கொன்றவர் யாரென்று தெரியவில்லை, ஒருவரும் தண்டிக்கப்படவுமில்லை.

கதைக்காகச் சிறிது மாற்றினால் என்ன என்று கேட்கலாம். நாம் இதை அற்ப விஷயமாக நினைக்கவில்லை. தான் கண்டதற்கு மேல் ஒரு வரியும் எழுதாதவரின் வாழ்க்கையை, காணாததைச் சேர்த்து முடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அன்றியும், சர்க்காரின் பெருங்குற்றத்தை வெளியிடப் போய் மாண்டிருந்தால்தான் அவர் தியாகி, ஏழைப் பெண்களின் உயிரோடு விளையாடியவர்களைத் தேடிப் போய் மாண்டதால் தியாகியல்லர் என்று ஆகிவிடுமா? ஜெயிலை விசாரித்த அதே கண்தான் இதையும் விசாரித்தது. தன் ஜனங்களுக்கு அந்நியர் இழைத்த தீங்கை எழுதியவர், தன் ஜனங்களிடையே நடந்த தீங்கையும் எழுதத் தயங்கவில்லை. உண்மையான முடிவே பெரிய முடிவு. படம் அதை நம்பியிருக்கலாம்.

குறை சொன்னோமேயன்றிப் படத்தைத் தள்ளும்படி நாம் சொல்லவில்லை. அமெரிக்க நடிகர் டே டிக்ஸ் தலைமைப் பாத்திரம் ஏற்றது பற்றி மனத்தாங்கல் எழுந்ததுண்டு. ஆயினும் ஆப்பிரிக்க நிருபரின் கதையை ஆப்பிரிக்கரே இயக்கிக் காட்டியது சிறு காரியமன்று. அத்தேசத்து நிறவெறியைப் பற்றிய படங்கள் பலவற்றில் வெள்ளையரின் மனச்சாட்சி விழிப்பதே கதையாக இருந்தது. இங்குக் கறுப்பர் தம் கதையைத் தாமே எழுதுகிறார்.

நுக்சுமாலோ ஐந்து நாள் கிடந்த அந்தச் சிறை வளாகம் தமிழருக்கும் அந்நியமானதன்று. 1908இல் காந்தியடிகளும் தம்பி நாயுடுவும் பதிவுச் சட்டத்தை மீறி அடைபட்டதும் அந்த ஜோஹானஸ்பர்க் கோட்டையில்தான். அன்றும் குற்றம் ஒரு காகிதத்தைப் பற்றியது. 1954லும் குற்றம் ஒரு காகிதத்தைப் பற்றியதே. 1983இல் அந்த ஜெயில் மூடப்பட்டது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களைக் கொண்டே அவ்விடத்தில் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டி, 2004 மார்ச் மாதத்தில் திறந்தார்கள். கைதிகள் நிர்வாணமாகக் குதித்த இடத்திற்குச் சில அடி தூரத்தில் இன்று மனிதரின் உரிமைகள் விசாரிக்கப்படுகின்றன. ஒரு கட்டுரையால் மட்டும் இது நிகழ்ந்ததென்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் அங்கு என்ன நடந்ததென்பதை எவரும் மறுக்க முடியாதபடி ஒருவர் எழுதிவைத்தார். உயர்ந்த தளத்தில் நின்று மற்றொருவர் அதைப் படம் பிடித்துவைத்தார். பத்திரிகைத் தொழிலிடம் ஜனங்கள் கேட்பது இவ்வளவே.