மலையூர்ப் பயணம்: யாருடைய ஓய்வுக்காக?

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில், "இந்த வருஷமாவது எங்காவது மலைப்பக்கம் போய் வரலாமே!" என்ற பேச்சு எழும். பேச்சைத் தொடங்குவது பிள்ளைகள். நாளைக் குறிப்பது குடும்பத் தலைவர். வண்டி பேசுவது மூத்த மகன். இவ்வளவும் முடிவான பின்னரே அடுக்களையில் நிற்கும் பெண்மணிக்குச் செய்தி எட்டுகிறது. "பதினைந்து பேருக்குப் புளிச்சோறு கட்டவேண்டும்; அடுப்பையும் சட்டிகளையும் மறக்காமல் எடுத்து வை" என்ற கட்டளையும் கூடவே வருகிறது. அவர் தஹஜ்ஜுத் வேளையிலேயே எழுந்து சமைக்கிறார். மலைமீதும் மூன்று வேளையும் சமைக்கிறார். திரும்பி வந்ததும் அழுக்குத் துணிக் குவியலின் முன் அமர்கிறார். மற்றவர்கள் ஊர் பார்த்தார்கள். அவர் அடுப்பு மாற்றினார், அவ்வளவே.

ஆகவே பயணத் திட்டத்தின் முதற்கேள்வி எந்த ஊருக்குப் போவது என்பதன்று. யாருக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது என்பதே. இக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டுவிட்டால், ஊர், தங்குமிடம், உணவு ஆகியவை எளிதில் முடிவாகிவிடும். உதகைக்குப் போய் ஒரே நாளில் ஏழு இடங்களைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதில் எவருக்கும் ஓய்வில்லை. பார்க்கும் இடங்கள் குறைவாகவும் இருக்கும் நேரம் அதிகமாகவும் உள்ள சிற்றூரே குடும்பத்துக்கு ஏற்றது. அவ்வகையில் நான் பரிந்துரைப்பது கோத்தகிரி.

நீலகிரி மாவட்டத்திலேயே, மேட்டுப்பாளையத்திலிருந்து சாலை வழியே சுமார் 33 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே கடந்த உயரத்தில் இருப்பதால், கீழே வியர்த்து ஏறுபவர் மேலே இறங்கும்போது சுமார் ஒன்பது பாகை குளிர்ச்சியை உணர்வார். கோத்தர் என்னும் பழங்குடியினரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியபோது முதலில் வீடமைத்துத் தங்கியதும் உதகையில் அன்று. கோத்தகிரியை அடுத்த கண்ணேரிமுக்கில்தான். அந்த வீடு புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக இருக்கிறது. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு காலைப்பொழுது அங்கே போதும்.

எப்போது போவது? மே மாதம் என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் அப்போதுதான் போகவும் செய்வார்கள். மேற்கே 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டபெட்டா மலை, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே கடுமையானது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையால் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. எனவே அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை குடும்பத்தோடு மலையேறுவதை நான் ஏற்கமாட்டேன். காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்ல தருணம். அரையாண்டு விடுமுறையில் போவோர் கம்பளியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்பவர்கள் இ-பாஸ் பெறவேண்டும் என்னும் விதி, சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டப்பட்டது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இத்தொல்லை கிடையாது. கோடை நெரிசலில் கோத்தகிரிச் சாலையை இறங்கும் வண்டிகளுக்கென்று ஒருவழியாக ஆக்குவதும் உண்டு. ஆகையால் புறப்படுமுன் அப்போதைய விதிகளைக் கேட்டறிவது நல்லது. புகழ்பெற்ற மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குச் செல்கிறது, கோத்தகிரியைத் தொடுவதில்லை. பிள்ளைகளுக்கு அந்த ஆசை இருந்தால் குன்னூருக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து உதகை வரை ஏறிப் பார்க்கட்டும்.

இனி உணவு. அடுக்களையையே கட்டி எடுத்துச் செல்வதை விட்டுவிடுங்கள். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பும் கறியும் வேகத் தாமதமாகும். வீட்டில் அரைமணியில் முடிகிற வேலை அங்கே நீளும். அந்த நேரமெல்லாம் அடுப்படியில் நிற்பவருடையது. ஹலால் உணவு கிடைக்குமோ என்ற கவலை நியாயமானதே. தங்குமிடத்தை அமர்த்தும்போதே அதை விசாரித்துவிடலாம். ஐயமிருந்தால் நான்கு நாட்கள் காய்கறிச் சாப்பாட்டோடு இருந்துவிடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. பிரியாணி ஊருக்குத் திரும்பிய பிறகும் இருக்கும்! காலைத் தேநீரும் வர்க்கியும் மட்டும் தங்குமிடத்திலேயே. அதையும் ஆண்கள் போடட்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் குவளைகளில் நீர் கொண்டு செல்லுங்கள்.

வயது முதிர்ந்த தாயாரை, "உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, உம்மா" என்று கூறி வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லும் வழக்கத்தைப் பல குடும்பங்களில் காண்கிறோம். அவரிடம் கேட்டீர்களா? இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் மருத்துவரின் யோசனையைப் பெறவேண்டும் என்பது உண்மை. ஆனால் முழங்கால் வலி மட்டும் உள்ளவருக்குத் தேவை, படி ஏறாத கீழ்த்தள அறையும் வெந்நீரும், வெயில் படும் திண்ணையும்தான். தங்குமிடம் பேசும்போது காட்சி எப்படி என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். மலைச்சாலையில் குமட்டல் வருவோரை முன்னிருக்கையில் அமர்த்தி, வயிறு நிறைய உண்ணவிடாமல் அழைத்துச் செல்லுங்கள்.

தொழுகை பற்றியும் முன்கூட்டியே தெளிவு வேண்டும். ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமாயின் நான்கு ரக்அத் தொழுகைகள் கஸ்ராகும். ஹனஃபி மத்ஹபில் ஓரிடத்தில் பதினைந்து நாட்கள் தங்க நிய்யத்து இருந்தால்தான் முழுமையாகத் தொழவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள். ஷாஃபிஈகள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் வண்டியை நிறுத்தத் திட்டமிட வேண்டும். பஜ்ரு வேளைக் குளிரில் ஒளுச் செய்யத் தயங்கும் முதியோருக்குத் தோல் காலுறை பேருதவி. முழு ஒளுவுடன் அணிந்தால், பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன்மேல் மஸ்ஹு செய்துகொள்ள அனுமதியுண்டு. பள்ளிவாசலுக்கு இருட்டில் நடந்து செல்ல விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: தேயிலைத் தோட்டப் பாதைகளில் காட்டெருமையும் கரடியும் உலவும் ஊர் அது. விடியுமுன்னும் மஃரிபுக்குப் பின்னும் உள்ளூரார் சொல் கேட்டு நடப்பதே அறிவு.

பார்க்க என்னதான் இருக்கிறது என்பீர்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. ஒரு முற்பகலை அதற்கு ஒதுக்கலாம். ஊரருகே உள்ள லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ள பழங்காடு. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு நீரூட்டும் அச்சோலை 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வனத்துறையின் அனுமதியோடுதான் நுழையலாம், உரக்கப் பேசக்கூடாது. கேத்தரின் அருவியைத் தொலைவிலிருந்து பார்ப்பதே போதுமானது. வேறொன்றும் திட்டமிட வேண்டாம். மீதிப் பொழுதில் வீட்டுப் பெண்கள் உறங்கட்டும், பேசட்டும், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி சும்மா இருக்கட்டும்.

திரும்பும் நாளை ஞாயிறாக வைக்காமல் சனிக்கிழமையாக வையுங்கள். மறுநாள் ஆண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்து துணி மூட்டைகளைப் பிரித்துத் துவைத்துப் போட அவகாசம் கிடைக்கும். வீடு சேரும் இரவுக்கான உணவை வழியிலேயே வாங்கி வந்துவிடலாம்.