மூன்று மீட்டர் தள்ளி நீந்தவும்

ஒரு மீனைப் பார்ப்பதற்கு விமானத்தில் ஏறித் தேட வேண்டுமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் ஊரில் தேடுகிறார்கள். மார்ச் தொடங்கி ஜூலை வரை, சில ஆண்டுகளில் ஆகஸ்ட் வரைகூட, காலை வெயில் சற்று ஏறியதும் சின்னஞ்சிறு விமானங்கள் கிளம்பி, நிங்கலூ பவளப்பாறைக்கு வெளியே கடலின் மேல் போவதும் திரும்புவதுமாக இருக்கின்றன. தேடுவது திமிங்கலச் சுறாவை. உலகத்தில் இதைவிடப் பெரிய மீன் கிடையாது.

அவ்வளவு பெரிய மீன் படகில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாதா என்றால், பெரும்பாலும் தெரியாது. பெயரில்தான் திமிங்கலம். மூச்சுவிட மேலே வந்து நீரைப் பீய்ச்சும் வழக்கமெல்லாம் இதற்கு இல்லை. செவுளால் மூச்சு விடும் அசல் மீன். முதுகுத் துடுப்பு எப்போதாவது நீருக்கு மேல் எட்டிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் அது தண்ணீருக்குள் ஒரு கரிய நிழல். மேலிருந்து பார்க்கிற விமானிக்குத்தான் அந்த நிழல் பிடிபடும். அவர் ரேடியோவில் இடம் சொல்ல, படகு அந்தப் பக்கம் திரும்பும்.

இந்த விமானச் செலவும் சேர்ந்துதான், வழிகாட்டியோடு போய்வரும் ஒரு நாள் பயணத்துக்குத் தலைக்கு 400 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் சுமார் 1,250 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேரும் செலவு தனி. கொடுக்கலாமா? என்னைக் கேட்டால் கொடுக்கலாம். அங்கே மீனை யாரும் கட்டுப்படுத்துவதில்லை. மனிதனைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதற்காகவே கொடுக்கலாம்.

எக்ஸ்மவுத் பழைய ஊர் அல்ல. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காக அமெரிக்கக் கடற்படை இங்கே ஒரு தகவல் தொடர்பு நிலையம் அமைத்தபோது, அங்கே வேலை செய்பவர்கள் குடியிருக்க 1967-ல் கட்டிய ஊர். நிலையத்தின் நடுக் கோபுரம் 387 மீட்டர் உயரம். ஊர் மக்கள் மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். தெருவில் ஈமு பறவைகள் குஞ்சுகளோடு குறுக்கே நடக்கும், கார்கள் நின்று வழிவிடும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ பவளப்பாறைதான். சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே ஓடும் பாறை. 2011-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. கிழக்குக் கரையில் இருக்கிற கிரேட் பேரியர் ரீஃபைப் பார்க்கப் பல இடங்களில் மணிக்கணக்கில் படகில் போக வேண்டும். நிங்கலூவில் சில இடங்களில் கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம், பத்து நாளில் இந்தப் பவளங்கள் ஒரே சமயத்தில் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் கடலில் விடுகின்றன. அதையொட்டிக் கடல் முழுக்க நுண்ணுயிர்கள் பெருகும். கிரில் எனப்படும் சிற்றிறால் கூட்டங்கள் சேரும். இந்தப் பந்திக்குத்தான் திமிங்கலச் சுறாக்கள் வருகின்றன. வாய் ஒன்றரை மீட்டர் அகலம் வரை திறக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கில் பற்கள், ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவுகூட இருக்காது, சாப்பாட்டுக்கும் உதவாது. தண்ணீரை உள்ளே இழுத்துச் செவுள் வழியாக வடிகட்டி வெளியே விட்டுவிட்டு, தங்குவதை விழுங்கும். சுறா என்றதும் நமக்குப் புட்டு ஞாபகம் வரும். சினிமா பார்த்துக் கெட்டவர்களுக்கு ரத்தம் ஞாபகம் வரும். இந்தச் சுறா மனிதனைக் கடிக்காது.

காலை ஏழு மணி வாக்கில் வேன் வந்து அழைத்துப்போகிறது. ஊர் இருக்கும் நிலமுனையின் மேற்குப் பக்கம் டான்டபிடி படகுத்துறை, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். படகு ஏறியவுடன் நேரே சுறாவிடம் போய்விட மாட்டார்கள். பாறைக்கு உட்புறம், அலை இல்லாத ஆழமற்ற தண்ணீரில் முதலில் இறக்கிவிடுவார்கள். முகமூடிக்குள் தண்ணீர் புகுகிறதா, ஸ்னார்க்கல் குழாயில் மூச்சு வாங்கத் தெரிகிறதா, காலில் மாட்டிய ஃபின்னோடு நேராக நீந்த வருகிறதா எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பவளமும் கிளிமீனும் ஆமையும் பார்க்கிற சுற்றுலா என்று பயணிகள் நினைப்பார்கள். வழிகாட்டிகள் பார்ப்பது பயணிகளை. யார் பதறுகிறார்கள், யாருக்கு மிதவை கொடுக்க வேண்டும், யாரை யாரோடு சேர்க்கலாம் என்கிற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு பாறையில் இருக்கும் இடைவெளி வழியாகப் படகு வெளிக்கடலுக்குப் போகிறது. அங்கே போனதும் ஆட்டம் வேறு. காலையில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மௌனமாகிவிடுவார்கள். விமானத்திலிருந்து தகவல் வரும்வரை காத்திருப்புதான். வந்ததும் படகே பரபரப்பாகிவிடும். முதல் பத்துப் பேர் பின்பலகையில் வரிசையாக உட்கார வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு சுறாவின் பக்கத்தில் பத்துப் பேருக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது. படகு சுறாவைப் பின்னாலிருந்து துரத்தக் கூடாது. அது போகும் பாதையில் முன்னால் போய் ஆட்களை இறக்க வேண்டும். வழிகாட்டி முதலில் குதித்துத் தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்ப்பார். கையைத் தூக்கியதும் மற்றவர்கள் சத்தமில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும்.

இறங்கியதும் முதலில் தெரிவது ஒன்றுமில்லாமை. கீழே தரை கிடையாது. வெயில் கதிர்கள் சாய்ந்து இறங்கி எங்கோ போய் மறைகிற நீலம் மட்டும். அந்த நீலத்தில் முதலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, அதன் பிறகுதான் உடம்பு. பெரும்பாலான சுறாக்களுக்கு வாய் தலைக்குக் கீழே இருக்கும். இதற்குத் தட்டையான தலையின் முன்விளிம்பு முழுக்க வாய். அந்த வாய்க்கு எதிரிலேயே விரல் நீளப் பாரைக் குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாக, பயமே இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். வயிற்றுக்கு அடியில் ஒட்டுமீன்கள். சில சமயம் கடல் விரால் ஒன்று கூடவே வரும். வாயின் ஓரத்தில், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சிறிய கண். இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணையே உள்ளே இழுத்துக்கொள்ளும். தவிர, கருவிழிக்கு வெளியே உள்ள பரப்பில் நுண்ணிய பல் போன்ற செதில்கள் கவசமாக இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள். முதுகில் நீளவாக்கில் மேடுமேடாக வரிகள், அவற்றுக்கு இடையே யாரோ அதிகாலையில் எழுந்து நிதானமாகப் போட்ட புள்ளிக்கோலம்.

அது நகர்வது தெரியவே தெரியாது. வால் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வருவதற்குள் நமக்கு இரண்டு மூச்சு ஆகிவிடும். நிதானமாகத்தான் போகிறது என்று நினைத்து நாமும் நிதானமாக நீந்தினால், நிமிர்ந்து பார்க்கும்போது வால்தான் கண்ணில் படும். மனிதன் நடக்கிற வேகம்தான், ஆனால் அந்த வேகத்தில் கடலில் நீந்துவது நமக்கு ஓட்டப்பந்தயம். தொடை வலிக்கும், குழாயில் உப்புத் தண்ணீர் புகும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க நின்றுவிடுவோம். படகு வந்து அள்ளிக்கொள்ள, அடுத்த பத்துப் பேர் முன்னால் இறங்கியிருப்பார்கள். இப்படி மாறி மாறி, சுறா ஆழத்துக்குப் போகிறவரைக்கும்.

நீரில் இருப்பவர் தலைக்கும் உடம்புக்கும் மூன்று மீட்டர், வாலுக்கு நான்கு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். தொடக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, மோட்டார் வைத்த நீந்து கருவி எதுவும் ஆகாது. சுறாவைச் சுற்றி 250 மீட்டர் வட்டத்துக்குள் ஒரு சமயத்தில் ஒரு படகுதான், அதுவும் எட்டு நாட் வேகத்துக்கு மேல் போகாமல். 30 மீட்டருக்குள் அந்தப் படகும் நெருங்கக் கூடாது. ஒரு சுறாவோடு ஒரு படகு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மாநில அரசின் உயிர்ப்பன்மைப் பாதுகாப்புத் துறை உரிமம் கொடுத்த படகுகள் மட்டுமே இந்தத் தொழில் செய்ய முடியும். 1990-களின் தொடக்கத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. சுறா உடம்பைச் சாய்த்து முதுகைக் காட்டினாலோ, சட்டென்று கீழே இறங்கினாலோ, 'போதும், போங்கள்' என்கிறது என்று அர்த்தம். வழிகாட்டி கையசைத்துவிடுவார். கொடுத்த காசுக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்று யாரும் பேரம் பேச முடியாது.

பயணிகள் எடுக்கிற படங்களுக்கும் ஒரு பயன் உண்டு. செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி வரிசை ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு, கைரேகை மாதிரி. பிராட் நார்மன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், கணினி நிரலாளர் ஜேசன் ஹோம்பெர்க், வானியலாளர் சேவன் அர்சுமேனியன் மூவரும் சேர்ந்து 2005-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். தொலைநோக்கிப் படங்களில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்கையே கொஞ்சம் மாற்றிச் சுறாவின் புள்ளிகளை ஒப்பிடப் பயன்படுத்தினார்கள். அன்றிலிருந்து சுற்றுலாப் பயணி எடுத்த படமும் ஆய்வுத் தரவாகிவிட்டது. 1995-ல் நிங்கலூவில் படமெடுக்கப்பட்ட, வால் குட்டையான ஒரு சுறாவுக்கு 'ஸ்டம்பி' என்று பெயர். அது பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அதே கடலுக்கு வந்ததைப் புள்ளிகளை வைத்தே உறுதி செய்தார்கள்.

நிங்கலூவுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஆண் சுறாக்கள். பெண்கள் எங்கே போகின்றன, எங்கே குட்டி போடுகின்றன என்பது உலகம் முழுவதற்குமே விடுகதை. 1995-ல் தைவான் மீனவர்களிடம் சிக்கிய ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. திமிங்கலச் சுறாவின் இனப்பெருக்கம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரே ஒரு சுறாவிலிருந்து வந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-ல் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவித்தது.

இதே மீனை இதைவிட மலிவாகப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸில் செபு தீவின் ஓஸ்லோப் கரையில், 2011 வாக்கில் தொடங்கி, மீனவர்கள் சிறு தோணிகளில் உட்கார்ந்து கையால் சிற்றிறால் போட்டுச் சுறாக்களை வரவழைக்கிறார்கள். விமானம் வேண்டாம், காத்திருப்பு வேண்டாம், வரிசையில் நின்றால் நிச்சயம் தரிசனம். கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். சுறா தலையை மேலே தூக்கிச் செங்குத்தாக நின்று இரைக்கு வாய் திறக்கும். தோணிகளை நாடிப் பழகிய சுறாக்களின் உடம்பில் தழும்புகள் ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடம்விட்டு இடம் போகிற இந்த மீன்களில் சில, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. மீன்பாடு குறைந்த கிராமம் இதனால் வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அந்த மீனவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டினால் நிச்சயமாகப் படம் வேண்டும் என்று கேட்டுப் போகிற நம்மைத்தான் திட்ட வேண்டும். அதே பிலிப்பைன்ஸில் டான்சோல் என்ற ஊர் 1998 முதல் இரை போடாமலே இந்தச் சுற்றுலாவை நடத்துகிறது. அங்கே சில ஆண்டுகளில் சுறா வரும், சில ஆண்டுகளில் ஏமாற்றும்.

நம் நாட்டுக்கும் இந்த மீனோடு ஒரு பழைய கணக்கு உண்டு. குஜராத்தின் வெராவல், மாங்ரோல் பக்கம் 1990-களில் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஈரல் எண்ணெய் படகுப் பலகைக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அந்தக் கொலைகளை ஊரறியக் காட்டியது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்ந்தது. அந்த அட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் அதுதான். சட்டம் மட்டும் போதவில்லை. 2004-ல் ராமகதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இவள், கொல்லலாமா என்று மீனவர்களிடம் கேட்டார். அது வேலை செய்தது. வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறார்கள்; அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது. நம் தமிழகக் கடலிலும் இது அவ்வப்போது வலையில் மாட்டுகிறது, சில சமயம் கரை ஒதுங்குகிறது. வலைக்காரருக்கு அது ஒரு நாள் வருமான இழப்பு என்பதை மறந்துவிட்டுச் சட்டம் பேசுவதில் பயனில்லை.

எக்ஸ்மவுத் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே, ஜூன் நல்ல காலம். நீச்சலில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை, மிதவை கொடுப்பார்கள். ஆனால் வெளிக்கடல் அலையில் பதறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். ஊரில் நீச்சல்குளத்தில் முகமூடியும் குழாயும் மாட்டி ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். வாந்தி வரும் உடம்பு என்றால் டாக்டரைக் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். சுறா அகப்படாத நாளும் உண்டு. அப்படியானால் பல படகுக்காரர்கள் இன்னொரு நாள் கட்டணமில்லாமல் அழைத்துப் போகிறார்கள், அதனால் ஊர் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். எக்ஸ்மவுத் இல்லை, வேறு எந்த நாட்டில் போனாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சுறாவுக்கு இரை போடுவீர்களா? ஆமாம் என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.