எலிக்கு விருந்து, தராசுக்கு வேலை!

சாக்லேட் சிப் பிஸ்கட், சலாமி, சீஸ், வாழைப்பழம், மார்ஷ்மெல்லோ, வேர்க்கடலை வெண்ணெய், கன்டென்ஸ்டு மில்க்... இவ்வளவும் யாருக்கு? நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரி ஆய்வகத்து எலிகளுக்கு!

வழக்கமான தீவன உருண்டையைக் கூண்டு நிறையப் போட்டாலும் எலி அளவோடுதான் தின்னும். ஆனால் ஆய்வக மேசையில் யாரோ விட்டுவைத்த ஃப்ரூட் லூப்ஸை ஒரு எலி ஆசை ஆசையாய் மொக்குவதை ஆய்வாளர் அந்தோணி ஸ்க்லாஃபானி பார்த்துவிட்டார். பொறி தட்டியது. சூப்பர்மார்க்கெட் பண்டங்கள் கூண்டுக்குள் வந்தன. 1976-இல் முடிவு வெளியானது: தீவனம் தின்ற எலிகளுக்கு ஏறியதைவிட, விருந்து எலிகளுக்கு 269 சதவீதம் அதிகமாக எடை ஏறியிருந்தது!

விருந்து வைப்பது சுலபம், கணக்கு வைப்பதுதான் பெரும்பாடு. எலி பிஸ்கட்டில் பாதியைக் கடித்துவிட்டு, மீதியை மரத்தூளுக்குள் புதைத்துவிடும். ஒவ்வொரு பண்டத்தின் மிச்சத்தையும் தனித்தனியாகப் பொறுக்கி நிறுக்க வேண்டும். இரவெல்லாம் காய்ந்த வாழைப்பழம் எடை குறைந்திருக்கும். அதற்கும் கழிவு போட வேண்டும். புழுக்கையைக்கூட விடுவதில்லை, அதையும் எரித்துக் கலோரி பார்க்கிறார்கள்!

ஏறிய எடையில் கொழுப்பு எவ்வளவு? முன்பு எலியைக் கொன்று, உடலை உலர்த்தி அரைத்து, ஈதரில் கொழுப்பைப் பிரித்தெடுத்துத்தான் சொல்ல முடிந்தது. இப்போது விழித்திருக்கும் சுண்டெலியை ஒரு குழாய்க்குள் விட்டுக் காந்தக் கருவியில் நுழைத்தால், ஓரிரு நிமிடங்களில் கொழுப்பு இத்தனை கிராம், மற்றது இத்தனை கிராம் என்று வந்துவிடுகிறது. அதே சுண்டெலியை அடுத்த வாரமும் அளக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூச்சை அளக்கும் கூண்டு. வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை, உள்ளிழுத்த ஆக்சிஜனால் வகுக்கிறார்கள். விடை 0.7-ஐ ஒட்டி இருந்தால் எரிவது கொழுப்பு. 1-ஐ ஒட்டி இருந்தால் மாவுச்சத்து. 1-ஐத் தாண்டினால்? தின்ற மாவுச்சத்து அந்த நேரத்திலேயே கொழுப்பாக மாறிக்கொண்டிருக்கிறது! வெறும் காற்றிலிருந்து இவ்வளவும் தெரிகிறதே!

1979-இல் லண்டனில் ஆய்வாளர்கள் நான்சி ராத்வெல்லும் மைக்கேல் ஸ்டாக்கும் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். விருந்து எலிகள் தின்ற அளவுக்குப் பருக்கவில்லை. மிச்ச ஆற்றல் வெப்பமாகப் போயிருந்தது! தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பில், குளிரில் வாழ்ந்த எலிகளிடம் காணும் அதே மாற்றங்கள் தெரிந்தன. வெப்பத்தை உண்டாக்குவது யுசிபி1 என்ற புரதம்.

அப்படியானால் அந்தப் புரதமே இல்லாத சுண்டெலி குண்டாக வேண்டுமே? வழக்கமான ஆய்வக அறையில் ஆகவில்லை! பல ஆண்டுகள் குழப்பிய இந்தப் புதிருக்கு 2009-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். ஆய்வக அறை சுமார் 22 டிகிரி. சுண்டெலிக்கு இதமானதோ 30 டிகிரி. 22 டிகிரியில் உடலைச் சூடாக வைக்கவே அதன் ஆற்றல் கரைந்துவிடும். அறையைச் சூடாக்கியதும் அந்தச் சுண்டெலிகள் சாதாரணத் தீவனத்திலேயே கொழுத்தன. இனி எலிகளின் உடல் பருமன் பற்றிய ஆய்வு எதைப் படித்தாலும், அந்த அறை எத்தனை டிகிரியில் இருந்தது என்று முதலில் தேடிப் பாருங்கள்.