பைத்தான் ‘2-வது வரியில் தப்பு’ என்கிறதா? முதல் வரியைப் பாருங்கள்!

பெரம்பலூர், அரியலூர் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிளஸ் டூ மாணவர்களுக்கு, பைத்தான் பாடப்புத்தகம் தமிழில் இருக்கிறது. ஆனால், புரோகிராமில் ஒரு புள்ளி பிசகினாலும் திரையில் வரும் எரர் மெசேஜ் ஆங்கிலத்தில்தான் வரும். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மொத்தத்தையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து டைப் செய்யத் தோன்றும். அது தேவையில்லை. அந்த மெசேஜ் திட்டவில்லை, வழிதான் காட்டுகிறது.

வரி எண் பொய் சொல்லுமா?

முதல் வரியில் ‘ப்ரின்ட்’ எழுதி, அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய பைத்தான் 2-வது வரியைக் கைகாட்டும். அந்த வரியோ சரியாக இருக்கும்!

அடைப்புக்குறி மூடும்வரை வாக்கியம் முடியவில்லை என்று நினைத்து, பைத்தான் அடுத்த வரியையும் சேர்த்தே படிக்கிறது. தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறது. தடுக்கிய கல் மேல் வரியில் கிடக்கிறது. எனவே, சொன்ன வரியோடு அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள்.

2021 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.10 இதைச் சரிசெய்தது. ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று சரியான வரியையே காட்டும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், ‘இதைத்தான் சொல்ல வந்தீர்களா?’ என்றும் கேட்கும்.

இந்த நான்கு போதும்

* சின்டாக்ஸ் எரர்: எழுதிய முறை தவறு. கோலன், அடைப்புக்குறியைப் பாருங்கள்.
* இன்டென்டேஷன் எரர்: வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி தவறு.
* நேம் எரர்: அந்தப் பெயர் பைத்தானுக்கு அறிமுகமில்லை.
* டைப் எரர்: சேராத இரண்டைச் சேர்க்கிறீர்கள். ‘இன்புட்’டில் வாங்கிய வயது, எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும். அதோடு 1-ஐக் கூட்டினால் இதுதான் வரும்.

தமிழிலேயே எழுதினால்?

அதற்கும் முயற்சி நடந்திருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரலாக்க மொழி பற்றிய கட்டுரை 2009-ல் வெளியானது. அதில் ‘ப்ரின்ட்’டுக்குப் ‘பதிப்பி’, ‘இஃப்’புக்கு ‘ஆனால்’. தமிழில் பேசுவதுபோலவே நிபந்தனை முன்னால் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும். அதேசமயம், தனியாகப் பார்த்தால் ‘ஆனால்’ என்பதை ‘பட்’ என்றும் படிக்கலாமே என்ற கேள்வியும் எழும்.

பைத்தானில் இன்றைக்கு 35 கீவேர்டுகள்தான். அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். தடுமாறி நிற்கும்போது புரிகிற மொழியில் ஒரு வார்த்தை கேட்பதுதான் மாணவருக்குப் பெரிய உதவி. அதுவரை, மேலே உள்ள நான்கையும் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டலாம். செலவு, ஒரு சார்ட் பேப்பர்!