அத்தைக்குக் கிருத்திகை, சித்தப்பாவுக்கு கீட்டோ... திருத்தணியில் ஒரே வீட்டில் இரண்டு பட்டினி!

திருத்தணியில் யாரிடமாவது "ஏன் இன்னைக்குச் சாப்பிடலை?" என்று கேட்டுப்பாருங்கள். "கிருத்திகை" என்பார்கள். இல்லையென்றால் "டயட்" என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பதிலும் கிடைக்கும்.

1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இன்றும் பாதி வீடுகளில் தமிழோடு தெலுங்கும் புழங்குகிறது. அதனால் டயட்டும் எங்களுக்கு இரண்டு திசையிலிருந்து வந்தது. சென்னைப் பக்கமிருந்து, நியாண்டர் செல்வன் ஃபேஸ்புக்கில் பரப்பிய பேலியோ. விஜயவாடா பக்கமிருந்து, வீரமாச்சனேனி ராமகிருஷ்ணாவின் 'வி.ஆர்.கே. டயட்'. முன்னதில் காலையில் 100 பாதாம், மதியம் கறி, இரவு முட்டை. பின்னதில் ஒரு நாளைக்கு 70 முதல் 100 கிராம் கொழுப்பு, எலுமிச்சம்பழச் சாறு, 4 லிட்டர் தண்ணீர், கூடவே வைட்டமின் மாத்திரை. சோறு, இட்லி, சர்க்கரை இரண்டிலும் கிடையாது.

நகரியிலிருந்து துணி எடுத்து வியாபாரம் செய்யும் என் சித்தப்பா பிடித்துக்கொண்டது இரண்டாவதை. அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. 30 வருஷமாக மாதக் கிருத்திகை தவறியதில்லை. "காலைல குளிச்சா தண்ணி மட்டும்தான். சாயந்திரம் விளக்கேத்தி, முருகனுக்குப் படைச்சுட்டு, ராத்திரி ஒரு வேளை. அதுலயும் உப்பு கிடையாது" என்பார்.

இரண்டும் வேறு வேறு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால், கீட்டோ பிறந்ததே பட்டினியின் நகலாகத்தான்!

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால், குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? சாப்பிடவும் வேண்டும், உடம்பு பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டும். 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் அதற்கு வழி சொன்னார். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கொழுப்பை அதிகமாகக் கொடுப்பது. அந்த உணவுக்கு 'கீட்டோஜெனிக்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் கண்காணிப்பில் இந்த உணவு கொடுக்கப்படுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். நம் கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. சாப்பிடாமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாளில் அது தீர்ந்துவிடும். இன்சுலின் இறங்கும், கொழுப்பு கரையும், கல்லீரல் 'கீட்டோன்' தயாரிக்கும், மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். முதல் நாள் இரவிலிருந்து மறுநாள் இரவு வரை சாப்பிடாத அத்தை அந்த வாசல் வரை போய்த் திரும்புகிறார். சித்தப்பா மாசக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முருகனுக்காகவா, தொப்பைக்காகவா என்று உடம்பு கேட்பதில்லை.

எல்லோருடைய விரதமும் அத்தையுடையதைப் போல இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'பலகாரம்' என்ற சொல்லே பழ உணவைக் குறிக்கும் 'பலாஹாரம்' என்பதிலிருந்து வந்ததுதான். நாம் அதை இட்லி, வடை, உப்புமா வரை இழுத்துவந்துவிட்டோம். ஜவ்வரிசிப் பாயசத்தோடு இருக்கும் விரதத்தில் கீட்டோன் எங்கே சுரக்கும்?

அருள் இல்லை, லோ சுகர்!

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கப் பூக்காவடி, "அரோகரா" சத்தம். அத்தைக்குச் சர்க்கரை நோய் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு 365 படிகளையும் ஏறக் கிளம்பினார். "மாத்திரை விரதத்துல சேராது" என்பது அவர் கணக்கு.

பாதிக்கு மேல் போனதும் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். பக்கத்தில் வந்தவர்கள் "அம்மாவுக்கு அருள் வந்திருச்சு" என்று கும்பிட்டு விபூதி பூசினார்கள். முகாமில் இருந்த நர்ஸ் ஒருவர்தான் விரலில் குத்திப் பார்த்தார். 54!

70-க்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை. அத்தை போட்ட மாத்திரை கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டும் வகை அது. கிளிபென்கிளமைடும் அப்படித்தான். இன்சுலின் ஊசியில் ஆபத்து இன்னும் அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது.

கீட்டோக்காரர்கள் கவனிக்க வேண்டிய மாத்திரை வேறு: டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் முடிந்தபிறகு விலை இறங்கி, நிறைய பேர் சீட்டில் இடம்பிடித்துவிட்டது. இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தையும் நிறுத்தினால் கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகும் அபாயம் இருக்கிறது. இந்த மாத்திரைகளால் அப்படி ஆகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்தது. இதில் மோசமான விஷயம், சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே இது வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று ஆரம்பித்தால் 'டயட் ஒத்துக்கலை' என்று வீட்டிலேயே படுத்திருக்கக் கூடாது.

ரமலான் நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்வதேச வழிகாட்டு நெறிமுறையே இருக்கிறது. நோன்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் நம்மில் யார் மருத்துவரைக் கேட்கிறோம்? கேட்டால் 'விரதமே வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அத்தையின் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. கிருத்திகை நாளுக்கு மட்டும் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் தனியாக எழுதிக்கொடுத்தார். இப்போது அந்தச் சீட்டு பூஜையறைக் காலண்டரில் குத்தியிருக்கிறது.

ஒன்பது கிலோ போனது, ஏழு கிலோ வந்தது

சித்தப்பா கதைக்கு வருவோம். முதல் வாரம் தலைவலி, அசதி. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றிவிடுவதால் வருவது இது. முதலில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தார். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு இறங்கியிருந்தது. எல்.டி.எல். கொழுப்போ ஏறியிருந்தது.

"எண்ணெய் குடிக்கறதுகூட கஷ்டமில்லைடா. கல்யாண வீட்டுல கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும் பாரு, அதான் கஷ்டம்" என்பார். முகூர்த்த மாதம் வந்தது, டயட் போனது. அடுத்த ஒரு வருஷத்தில் ஏழு கிலோ திரும்பி வந்துவிட்டது. அத்தையின் விரதம் அன்றைக்கு ராத்திரியே முடிந்துவிடுகிறது. கீட்டோவை எப்போது, எப்படி முடிப்பது என்று சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில்தான் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

கடைசியில் அவருக்குச் சரிவந்தது நடுவழி. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு, நாடு முழுக்க 18,090 பேரின் உணவைக் கணக்கெடுத்து 2022-ல் வெளியானது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவிகிதம் வரை இருக்கலாம் என்றது. நம் சாப்பாட்டில் அதைவிட அதிகம் இருக்கிறது, குறைக்க வேண்டும். ஆனால், சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. சித்தப்பா இப்போது ஒரு கப் சோறு, இரண்டு கப் காய், ஒரு கிண்ணம் பருப்பு என்று சாப்பிடுகிறார். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. இறங்கியது ஏறவில்லை.

விரதமோ கீட்டோவோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னைக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். வரும் ஆடிக் கிருத்திகைக்குப் படியேறுபவர்கள் பையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துவிட்டு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.